ருசி பார்க்காத நாகேஸ்வரன்

என் வீட்டுக்காரர் நாகேஸ்வரன் இதுவரை எத்தனை ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுப்பில் கொதிக்கும் பண்டத்தில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்ததை மட்டும் நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை. 2003-ல் கைக்கு எட்டிய செஃப் வேலை அதனால்தான் போயிற்று என்று நாங்கள் குடியிருக்கும் வலியசாலையில் இன்றும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1990-ல். எனக்கு அன்றும் சமைக்கத் தெரியாது, இன்றும் தெரியாது. வெட்கமும் கிடையாது. பாளையத்தில் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் அசிஸ்டெண்டாக இருந்தேன். பரீட்சைக் காலத்தில் காப்பியடிப்பதைப் பிடிக்கிற ஸ்குவாடோடு ஹால் ஹாலாகப் போவேன். ஒரு பிள்ளை பக்கத்து பெஞ்சிடம் கண்ணால் விடை கேட்டால்கூட எனக்குத் தெரிந்துவிடும். ஜெயலக்ஷ்மி மேடம் வருகிறாள் என்றால் ஹாலில் இருமல் சத்தம்கூட நின்றுபோகும் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவருக்குப் பழவங்காடியில் ஒரு கூரை ஓட்டுக் கம்பெனியின் டிப்போவில் பில் போடுகிற வேலை. அடுத்த வருஷமே டிப்போவை மூடிவிட்டார்கள். நான் ஒன்பது மணிக்கு ஆபீஸ் கிளம்புகிறவள், அவர் வீட்டில் இருக்கிறவர். அப்புறம் யார் சமைப்பது என்று பேச்சு எழவேயில்லை. முதல் நாள் வைத்த ரசத்தை வாசல் தென்னைக்கு ஊற்றினோம். இரண்டாம் நாளும் தென்னைக்குத்தான். மனுஷர் விடவில்லை. பத்து நாள் வேறு எதுவும் செய்யாமல் ரசத்தையே திரும்பத் திரும்ப வைத்தார். பதினோராம் நாள் நான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எங்கள் தெருவில் வடித்ததும் வைத்ததும் முதலில் சுவாமிக்கு. அதற்கு முன்னால் யார் நாக்கும் தொடக் கூடாது. எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான், ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு சந்து வைத்திருப்பார்கள். யாரும் பார்க்காதபோது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காத மாமி அந்தத் தெருவில் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். இவர் யாரிடமாவது கற்றிருந்தால் திருட்டுத்தனமாக எப்போது ருசி பார்ப்பது என்பதையும் சேர்த்துக் கற்றிருப்பார். தானாகக் கற்றவர், பாவம், வழக்கத்தை அப்படியே நம்பிவிட்டார். ஆவியில் வருகிற வாசனை, நுரை அடங்குகிற விதம், கரண்டியிலிருந்து சொட்டு விழுகிற வேகம், இவற்றை வைத்தே எல்லாம் கண்டுபிடிப்பார். அதில் பிழை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே வழி, என் முகம். இலையில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து நான் முதல் கவளம் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வாய் திறக்க வேண்டாம். புளி தூக்கலா, காரம் போதாதா எல்லாம் படித்துவிடுவார். அவர் சமையல் கற்றது என் முகத்தைப் பார்த்துத்தான்.

உப்பு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்தில் சண்டை வந்தது. உப்புக்கு வாசனை கிடையாதே. அவர் தேங்காய் அரைத்துக்கொண்டே, ஜயா, குழம்பில் உப்பைப் போடு என்பார். நான் ஆபீஸுக்குப் புடவை கட்டிக்கொண்டே சரி என்பேன். ஒரு நாள் நானும் போட்டு அவரும் போட்டார். இன்னொரு நாள் நான் போட்டிருப்பேன் என்று அவர் விட்டுவிட்டார், நான் மறந்துவிட்டேன். நான் மறந்த நாள்கள் ஒன்றிரண்டு என்று சொன்னால் பொய். அதனால் 1992-ல் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். யார் உப்புப் போட்டாலும் உடனே கரண்டியைப் பாத்திரத்தின் வாயில் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். கரண்டி குறுக்கே இருந்தால் உப்புப் போட்டாயிற்று. இல்லாவிட்டால் போடவில்லை. கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். அதன் பிறகு பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் உப்பு பிசகியதில்லை.

அவர் கொடுத்தனுப்பும் சாப்பாட்டு அடுக்கைத் திறந்தால் என் செக்ஷனில் பேனாவைக் கீழே வைப்பார்கள். முதலில் ஆறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு, பிறகு இருபது பேருக்கு. அப்புறம் ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் வராமல் போக, பெண்ணின் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். முந்நூறு பேருக்கு இவர் தனியாகச் சமைத்தார். 1998-க்குள் சாலை பஜாரில் காய்க்காரர்கள் இவருக்கென்று கத்திரிக்காயைத் தனியாக எடுத்து வைக்கிற அளவுக்குப் பெயர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து போகிறவர்கள் இனிமேல் என்ன குறை என்று கேட்டார்கள்.

குறை இருந்தது. கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் சைவச் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு 1999-ல் போனார். சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார்கள். காலேஜில் படித்த சர்டிபிகேட் இல்லாதவரைச் செஃபாக எடுக்க முடியாது, வேண்டுமானால் காய் நறுக்கும் உதவியாளாகச் சேரலாம் என்றார்கள். அங்கே இருபத்திரண்டு வயதுப் பையன்கள் பெயர் தைத்த வெள்ளைக் கோட்டோடு நின்றார்களாம். வெந்தயம் கருகும் வாசனை வந்தும் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் புழுங்கினார். நான் போய் யாரிடமாவது சிபாரிசு கேட்கவா என்று சொன்னதற்கு, எனக்கு அந்தக் கோட்டு வேணும் ஜயா, யாரும் பாவம் பார்த்துத் தரக் கூடாது என்றார்.

அப்போதுதான் மலையாளச் சேனல்களில் சமையல் போட்டி பெருகிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுக்கு நான்தான் அவர் பெயரை எழுதிப் போட்டேன். 2001-ல் கூப்பிட்டார்கள். நடுவராக வந்தவர் தங்கையன் செஃப். பாறசாலைப் பக்கத்துத் தமிழர், கப்பலில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து செஃபாக இறங்கியவர். கேமரா முன்னால் மலையாளம், கேமரா அணைந்தால் எங்களோடு தமிழ். இவர் செய்த எரிசேரியைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, சமைக்கும்போது நீங்கள் ஒரு தடவையும் ருசி பார்க்கவில்லையே என்று கேட்டார். சுவாமிக்கு வைக்காமல் பார்ப்பதில்லை என்று இவர் சொன்னார். இந்த ஸ்டூடியோவில் ஏது சுவாமி என்றார் தங்கையன். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, யார் சாப்பிடப் போகிறார்களோ அவர்கள்தான் என்றார்.

நல்ல பதில் என்று எனக்கு மார்பு விம்மியது. ஆனால் செய்முறை மார்க்கில் ருசி பார்ப்பதற்கென்று ஐந்து மார்க் ஒதுக்கியிருந்தார்கள். அதில் சைபர். மூன்று மார்க் குறைந்து வெளியே வந்தார். டிவியில் அதை ஒளிபரப்பியபோது அவர் குனிந்து ஆவியை மோந்து பார்க்கிற இடத்தில் ஏதோ குரங்காட்டி மேளம் சேர்த்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் ஒரு மாசம் அந்த மேளத்தை வாயால் அடித்தார்கள். நான் ஒருவனைப் பிடித்துக் காதைத் திருகினேன். இவர் சிரித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் புளி வாங்கப் போனார்.

2003-ல் அதே போட்டி பெரிய அளவில் வந்தது. இந்தத் தடவை பரிசு ஒரு வேலை. தங்கையன் அப்போது கோவளத்தில் வேறொரு ஹோட்டலுக்குத் தலைமைச் செஃப். ஜெயிக்கிறவருக்கு அந்த ஹோட்டலின் சைவச் சமையலறையில் செஃப் பதவி, சர்டிபிகேட் வேண்டாம், நாற்பது வயது தாண்டியிருக்கக் கூடாது. இவருக்கு நாற்பது முடிய இன்னும் நாலு மாசம் இருந்தது. இதை விட்டால் வேறு கதவு கிடையாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இவர் வாய் விட்டுச் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தை நிரப்பும்போது அடித்துத் திருத்தி இரண்டு ஃபாரம் வீணாயிற்று.

நல்ல வேளையாக, அந்த வருஷம் ருசி பார்ப்பதற்கு மார்க் இல்லை. தட்டில் வருவதற்கு மட்டும்தான் மார்க் என்று தங்கையனே சொல்லி மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். முதல் இரண்டு சுற்றும் இவர் முதலாவதாக வந்தார். அரையிறுதி முடிந்ததும் தங்கையன் எங்கள் பக்கம் வந்து, மார்பளவு எவ்வளவு ஓய், தையல்காரனுக்குச் சொல்லணுமே என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டுப் போனார். இவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது முப்பத்தெட்டா நாற்பதா என்று என்னிடம் கேட்டார்.

அந்த அரையிறுதியில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். போட்டியாளர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு உதவியாளரை அழைத்து வரலாம். முதல் இருபது நிமிஷம் அவர் கூடமாட வேலை செய்யலாம். மணி அடித்ததும் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பேசினாலோ சைகை காட்டினாலோ போட்டியாளர் வெளியே. கொல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் பாயசத்தில் எதையோ சேர்க்கப் போனபோது, நாற்காலியிலிருந்த தங்கை வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவ்வளவுதான். அடுப்பை அணைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் அழுத அழுகை பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் விதி என்றால் விதிதான் என்று அன்றைக்கு நான் இவரிடம் சொன்னேன். சொன்னது என் வாய்தான்.

இறுதிச் சுற்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். சிதறல் நன்றாக இருந்தது. ஆக்குளம் பக்கத்தில் ஒரு பெரிய ஹாலை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். மூன்று பேர், மூன்று மேடை, ஒவ்வொன்றிலும் இரண்டு அடுப்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு குழம்பும் ஒரு இனிப்பும். இவர் கத்திரிக்காய் ரசவாங்கியும், பலாப்பழப் பாயசமான சக்கைப் பிரதமனும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ரசவாங்கி அவர் கையில் வருகிற மாதிரி நான் எங்கும் சாப்பிட்டதில்லை. அது தஞ்சாவூர்க் குழம்பு; அங்கிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு, அவர்களே இவரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வார்கள்.

மணி அடித்தது. நான் கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டேன். நறுக்க மட்டும் எனக்கு வரும். இவர் புளித்தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் காயைப் போட்டு மஞ்சள் பொடி தூவினார். இரண்டாவது அடுப்பில் மிளகாயும் தனியாவும் கடலைப் பருப்பும் வறுபட ஆரம்பித்தன. பக்கத்து மேடையில் ஒருவர் நெய்யில் எதையோ பொரித்தார், அதற்கு அடுத்த மேடையில் பூண்டு. மேலே விளக்குச் சூடு, பின்னால் பெரிய காற்றாடி. எல்லா வாசனையும் ஒன்றோடொன்று கலந்து அடித்தன. இவர் இரண்டு தடவை குனிந்து மோந்துவிட்டு நிமிர்ந்தார். ஒண்ணும் தெரியலை ஜயா என்று மெதுவாகச் சொன்னார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பி நின்றது.

புளித்தண்ணி நுரைச்சு வந்ததும் நீ உப்பைப் போட்டுடு, நான் அரைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மிக்சி பக்கம் திரும்பினார். நான் அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். நுரைத்து வந்தது. அவர் வழக்கமாகச் சொல்கிற அளவுக்குக் கிண்ணத்திலிருந்து கல்லுப்பை அள்ளிப் போட்டேன். கிளறினேன். கரண்டியைக் குறுக்கே வைத்தேன். மணி அடித்தது. என் இருபது நிமிஷம் முடிந்தது. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. உப்புப் போட்டாயிற்று என்று சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கரண்டிதான் இருக்கிறதே. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து புடவையைச் சரிசெய்கிறேன், நீது வந்தாள். நீது தளத்தில் கேமராக்காரர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஓடியாடுகிற பெண், நல்ல மாதிரி. கேமராக்காரர் காதுக்கருவியில் என்னவோ சொன்னார். கொதிக்கிற பாத்திரத்தைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் போலிருக்கிறது. நீது கரண்டியை எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். கேமரா ஆவியைப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்தது.

இவர் மிக்சியை நிறுத்தினார். விழுதை வழித்துக்கொண்டு திரும்பினார். வேகவைத்த பருப்பையும் விழுதையும் பாத்திரத்தில் சேர்த்தார். கரண்டிக்காகக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். பாத்திரத்தின் வாயைப் பார்த்தார். தட்டில் கிடந்த கரண்டியைப் பார்த்தார். நான் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று அவர் நினைப்பது எனக்கு இங்கிருந்து தெரிந்தது. பதினோரு வருஷமாகப் பிசகாத சட்டம், அதை அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? என்னைச் சந்தேகப்படத்தான் ஆயிரம் காரணம் இருந்தது.

ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். வைங்கோ, ஒரே ஒரு தடவை வைங்கோ என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் வைக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ரசம் வைத்த முதல் பத்து நாள் பார்த்த அதே பார்வை. என் முகத்தில் அவர் படிக்காத எழுத்து கிடையாது. புருவத்தை ஒரு நூல் தூக்கியிருந்தால் போதும். உதவியாளர்களான எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி நிகழ்ச்சி நிர்வாகி உட்கார்ந்திருந்தார், அவர் வேலையே எங்கள் முகத்தைப் பார்ப்பதுதான். இன்னொரு கேமரா எங்கள் வரிசையை நோக்கித் திரும்பியிருந்தது. கொல்லத்து அம்மாள் அழுதது காதில் கேட்டது. புருவம் அசைந்தால் நாற்பது நிமிஷத்தில் வருகிற வேலை இந்த நிமிஷமே போய்விடும். நான் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். பரீட்சை ஹாலில் பிள்ளைகள் கண்ணால் கெஞ்சும்போது வைத்துக்கொள்கிற முகம் அது. அதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவருக்கு அது புரியவில்லை. உப்புக் கிண்ணத்தில் கைவிட்டு அள்ளினார். அள்ளின கையோடு இன்னொரு தடவை பார்த்தார். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. குனிந்து என் கைப்பையைப் பார்த்தேன். தப்பு செய்தவள்தானே குனிவாள். நான் தலை நிமிர்ந்தபோது உப்பு உள்ளே போய்விட்டது. அவர் கரண்டியை எடுத்துக் கிளறி, சட்டப்படி, குறுக்கே வைத்தார்.

அதற்குப் பிறகு இருந்த முப்பத்தைந்து நிமிஷம் எப்படிப் போயிற்று என்று எனக்கு நினைவில்லை. பாத்திரத்தின் அளவுக்கு ஒருவேளை தாங்குமோ என்று கணக்குப் போட்டேன். பருப்பு கொஞ்சம் இழுத்துக்கொள்ளுமோ, விழுது இழுத்துக்கொள்ளுமோ என்று சமைக்கத் தெரியாத மூளையைப் பிசைந்தேன். இவர் பிரதமனைக் கிளறினார், கடுகு தாளித்தார், தட்டில் அழகாக வைத்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. மனைவி மறந்ததைச் சமயத்தில் சரிசெய்துவிட்ட தெளிவு.

தங்கையன்தான் முதலில் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு பிடி சாதத்தில் ரசவாங்கியைப் பிசைந்து வாயில் வைத்தார். சிரிப்பு நின்றது. விழுங்க முடியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் தண்ணீர் கேட்டார். மற்ற இரண்டு நடுவர்களும் ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு அடுத்த மேடைக்கு நகர்ந்தார்கள். இவர் ஒன்றும் புரியாமல் மாறி மாறி எல்லோரையும் பார்த்தார். தங்கையன் மலையாளத்தில், என்ன ஆயிற்று என்று கேட்டார். சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டாயிற்று, இனி நான் பார்க்கலாம் என்று சொல்லி இவர் அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

அவர் கண் நேராக என்னிடம் வந்தது. அரை நிமிஷம் இருக்கும். பிறகு மைக்கைப் பார்த்து, என் கை தவறிவிட்டது, ரெண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், மன்னிக்கணும் என்று சொன்னார். உதவியாளர் என்று ஒருத்தி இருந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஆலப்புழையிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த வேலை கிடைத்தது. நன்றாகச் செய்கிறவர்தான், குறை சொல்ல முடியாது. விளக்குகளை அணைத்த பிறகு தங்கையன் எங்களிடம் வந்தார்.

"ஒரு துள்ளி நாக்குல வச்சு நோக்கியிருந்தா இந்த ஜோலி உமக்குத்தான் ஓய். பிரதமன் அப்பிடி இருந்துது" என்றார். கோபமாகச் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. இவர் கைகூப்பினார்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஆட்டோவில் ஏறினோம். கண்ணம்மூலை தாண்டும் வரை அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் மறக்கவில்லை, போட்டேன், கரண்டியையும் வைத்தேன், அந்தப் பெண் எடுத்துவிட்டாள் என்று கொட்டிவிட்டேன். இவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ கரண்டியை எடுத்ததை நீ பாத்தியோ?"

"பாத்தேன்."

"நான் உப்பை அள்ளினதையும் பாத்துண்டுதான் இருந்தே."

"வாயைத் திறந்தா உங்களை வெளியே அனுப்பியிருப்பா. வேலை போயிருக்கும். அதான்" என்றேன். என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் அப்போதும் நினைத்தேன். குரலில்கூட ஒரு அதிகாரம் இருந்தது.

ஆட்டோ கிள்ளிப்பாலம் சிக்னலில் நின்றது. இவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கத்தியிருக்கலாமே ஜயா. என்னை வெளியே அனுப்பியிருப்பா, அவ்வளவுதானே. ரசவாங்கி பாழாகாம இருந்திருக்கும்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ரசவாங்கியா முக்கியம், நாலு வருஷமாக ஆசைப்பட்ட வேலை போனது வலிக்கவில்லையா என்று கேட்டேன். வலிக்கறது என்றார். ரொம்ப வலிக்கறது என்றார். அப்புறம், "அவர் ஒரு வாய் வச்சுண்டு தண்ணி கேட்டாரே" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டு வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவர் வேண்டுவது கோட்டும் பதவியும் என்று நினைத்து அதைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் வேண்டும்தான் அவருக்கு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருந்தது, அது என்னவென்று நான் தெரிந்துகொள்ளவே இல்லை. நடுவர்கள் மூன்று பேர், சேனலில் பார்க்கிற அத்தனை பேர், யார் என்ன நினைத்தால் என்ன. எழுந்து நின்று, போட்டாச்சு, போடாதீங்கோ என்று நான் கத்தியிருக்க வேண்டும்.